ஊர்க்குரல் ஓயும் நேரம்

திருவள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரமும் கல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த பின்னர், கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏடு பயிலாதவனும் காதால் கேட்டு அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட வழி. கோயில் மண்டபத்துப் பாரத வாசிப்பும், தெருக்கூத்தும், தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டும் அவ்வழியில் வளர்ந்தவையே. இருபதாம் நூற்றாண்டு அவ்வரிசையில் வானொலியையும் கொண்டுவந்து சேர்த்தது. வந்த விருந்தை நம்மவர் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர்.

பிழைப்பை நாடித் தமிழகத்தைவிட்டு வெளியேறி, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு வானொலி மற்றவர்களுக்கு இருந்ததைக் காட்டிலும் ஒரு படி நெருக்கமானது. இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல், வீட்டுப் பெரியவர் மர்பி பெட்டியின் முன் அமர்ந்து, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் சென்னையையோ திருச்சியையோ தேடிய காட்சி நம்மில் மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழுந்தால் போதும், அடுக்களையிலிருந்து அம்மாவும் வந்துவிடுவார். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, எத்தனை இடர்களைக் கடந்து வந்தது, இன்று ஏன் மெலிந்துகொண்டிருக்கிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பது வாட்டில் ஒரு தொடக்கம்

இந்திய ஒலிபரப்பின் வரலாற்றைப் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் அது ஆர்வலர்களின் கழகங்களில் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருப்பெற்றது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அப்போது அதனிடமிருந்த ஒலிபரப்பியின் ஆற்றல் 40 வாட். இன்று நம் வீட்டுக் கூடத்தில் எரிந்த பழைய குண்டு விளக்கொன்று குடித்த மின்சாரம் அவ்வளவுதான். பின்னர் அது 200 வாட்டாக உயர்ந்தது. மாலை வேளைகளில் இசையும் உரையும் அதன் வழியே சென்னை வானில் பரவின.

ஆயினும் கழகம் மூன்றாண்டுகளே தாக்குப்பிடித்தது. 1927இல் பணமுடையால் அது ஓய்ந்தது. கழகத்தார் தம் ஒலிபரப்பியைப் பழைய இரும்பு விலைக்குப் போடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். மாநகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தன் சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் பெட்டி வைத்துக்கொள்ள வசதியற்றவர்களும் கேட்கும்பொருட்டு மெரினாக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. குடிநீரும் தெருவிளக்கும் வழங்குவது போலவே குரலையும் வழங்குவது ஒரு நகராட்சியின் கடமை என்று சென்னை அன்றே கருதியது நாம் பெருமையுடன் எண்ணத்தக்க செய்தியாகும். எட்டாண்டுகள் அப்பணி நடந்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டபோது மாநகராட்சி தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது.

இதே காலத்தில் பெருமுதலுடன் வந்தவர்களின் கதை என்ன? இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. பெட்டி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம். அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு. ஆனால் 1929 முடியும்போதும் நாடு முழுவதும் உரிமம் பெற்றிருந்தோர் எண்ணாயிரத்தை எட்டவில்லை. 1930ஆம் ஆண்டு மார்ச்சில் கம்பெனி கலைக்கப்பட்டது. அரசு அதை ஏற்றுக்கொண்டது. செலவுக்கு அஞ்சி 1931 அக்டோபரில் மூடிவிடவும் முடிவுசெய்தது. மக்கள் எழுப்பிய எதிர்ப்பால் அடுத்த மாதமே அம்முடிவைக் கைவிட்டது. நேயர்கள் வாய் திறந்ததால் ஒலிபரப்பு பிழைத்தது என்னும் இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இது நமக்கு மீண்டும் தேவைப்படும்.

மைசூர்ப் பேராசிரியரின் வீட்டு நிலையம்

கன்னட நாட்டில் வாழும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு கதை உண்டு. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி, 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் ஆற்றல் 30 வாட். அதற்கு வழங்கிய பெயர் 'ஆகாசவாணி'. பின்னாளில் அகில இந்திய வானொலியே தனக்குரிய பெயராக நாடெங்கும் ஏற்றுக்கொண்ட சொல் அதுதான். தலைநகரத்து ஆணையால் பிறவாமல், ஓர் ஆசிரியரின் வீட்டு அறையில் வளர்ந்த பெயர் அது.

பேராசிரியர் சில ஆண்டுகள் அதைத் தம் பொறுப்பில் நடத்தினார். தனியொருவர் தோளில் தாங்கும் சுமையன்று அது. பின்னர் மைசூர் அரசு அதை ஏற்றது. நாடு விடுதலை பெற்ற பிறகு அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1955இல் பெங்களூருக்கு நிலையம் சென்றது. மைசூர் நகரம் தான் பெற்ற பிள்ளையைத் தலைநகருக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, 1974 வரையில் தனக்கென்று ஒரு நிலையமின்றி இருந்தது.

சென்னைக் கழகத்தின் வாழ்வையும் மைசூர் நிலையத்தின் வாழ்வையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஆர்வலர் ஒருவர் தொடங்குகிறார், ஊர் மகிழ்கிறது, பணம் போதாமல் போகிறது, பெரிய கை ஒன்று ஏற்றுக்கொள்கிறது, நிலையம் பிழைக்கிறது, ஆனால் ஊரைவிட்டுப் போகிறது. சிறு நிலையங்களின் வரலாறு இதே சுழலில் பலமுறை சுழன்றிருக்கிறது.

ஊருக்குள் வந்த வானொலி

1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் பங்கில் வந்தவை ஆறே நிலையங்கள்: தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, இலட்சுமணபுரி, திருச்சிராப்பள்ளி. ஆறில் இரண்டு தமிழகத்தில் இருந்தன. திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பிறந்தது. மாகாணத் தலைநகரல்லாத ஓர் ஊருக்கு அந்நாளில் கிடைத்த பேறு அது. காவிரிப் படுகையின் இசைவாணர்களும் உழவர்களும் அதனால் அடைந்த பயன் பெரிது.

ஒரு சான்று கூறுவோம். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வகை பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதன் சாகுபடி முறையை நாள்தோறும் உழவர்க்கு எடுத்துரைத்தது. உழவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டனர். விதைக்கு வானொலியின் பெயரை வைத்தது, வானொலி சொன்னதை மண்ணில் போட்டுப் பார்த்து விளைச்சல் கண்ட பிறகு. ஒரு நிலையத்துக்கு இதைவிடச் சிறந்த விருது ஏது?

அந்த ஒலிபரப்பு வெற்றி பெற்றதற்குக் காரணம், பேசியவர்க்கும் கேட்டவர்க்கும் வயல் ஒன்றாக இருந்ததே. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், எந்த மண்ணுக்கு எந்த உரம் என்பது சென்னையில் இருப்பவர்க்குத் தெரியாது. திருச்சியில் இருப்பவர்க்குத் தெரியும். இதனை உணர்ந்தே திருநெல்வேலியில் 1963இலும், கோவையில் 1966இலும், புதுவையில் 1967இலும் நிலையங்கள் எழுந்தன. 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியால் தமிழ் உலகம் முழுவதும் அறிந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், திருநெல்வேலி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பில் உழவர்களோடு பேசிப் பழகிய பிறகே சென்னைக்கு வந்தவர். ஊர்ப்புற நிலையம் அவருக்குப் பயிற்சிக்களமாக இருந்தது. நாவலாசிரியர் தி. ஜானகிராமன் சென்னை வானொலியின் கல்வி ஒலிபரப்பில் பணியாற்றிப் பின்னர் தில்லிக்குச் சென்றவர். எழுத்தாளர்க்குச் சோறும் நேயர்க்குச் சுவையும் ஒருங்கே அளித்த இடமாக வானொலி விளங்கிற்று.

1977ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. 1978இல் அறிக்கை அளித்த வர்கீஸ் குழு, வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் நேரடிப் பிடியிலிருந்து விலகித் தன்னாட்சி பெற வேண்டும் என்றது. இச்சிந்தனைகள் பரவிய காலத்தில்தான், 1984ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறக்கப்பட்டது. ஒரு மாவட்டத்துக்கென்றே ஒரு நிலையம்! கடலோர மீனவரும், நாஞ்சில் நாட்டு உழவரும், மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளரும் தம் பேச்சு வழக்கிலேயே தம் செய்தியைக் கேட்கும் வாய்ப்பு அது. அதனைப் பின்பற்றி நாட்டின் பல சிறு நகரங்களிலும் உள்ளூர் நிலையங்கள் முளைத்தன.

மெலிவு தொடங்கிய விதம்

வளர்ந்த பயிர் வாடத் தொடங்கியது ஏன்? காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கூடின.

முதலாவது, வருவாய். நேயர்கள் அஞ்சலகத்தில் செலுத்திவந்த உரிமக் கட்டணம் 1980களின் நடுவில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஏழைக்கு அது நல்லதே. ஆனால் நேயர்க்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த நேரடிப் பற்று வரவும் அன்றோடு முடிந்தது. நிலையங்கள் அரசின் நிதியையும் விளம்பரத்தையும் மட்டுமே நோக்கி நிற்கலாயின. தொலைக்காட்சி வந்து விளம்பரத்தில் பெரும்பங்கைக் கொண்டுபோயிற்று.

இரண்டாவது, ஏலம். தனியார்க்குப் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விடும் முறை 1999, 2000 ஆண்டுகளில் வந்தது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் பெங்களூரில் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலித்தது. உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் நூற்றுக்குப் பதினைந்து உயரும் என்பது தொடக்கத்தில் இருந்த விதி. அச்சுமையைத் தாங்காது பலர் விலகினர். 2005இல் வருவாயில் நூற்றுக்கு நான்கு பங்கு என்று விதி மாறியபின் தனியார் நிலையங்கள் பெருகின. ஆயினும் பெருகியவை பெரும்பாலும் பெருங்குழுமங்களின் கிளைகளே. மூன்றாம் கட்டத்தின் இரண்டாம் சுற்று ஏலத்தில் 266 அலைவரிசைகள் வந்தன. விலைபோனவை 66 மட்டுமே. சிறு நகரத்தில் நிலையம் நடத்தினால் போட்ட முதல் திரும்பாது என்பதே அதன் பொருள். நிலையம் உள்ள ஊர்களிலும், ஓரிடத்தில் தயாரித்த நிகழ்ச்சியைப் பல ஊர்களுக்கு அனுப்புவதே செலவு குறைந்த வழி என்றாயிற்று. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி திரட்டி வழங்கவும் இசைவில்லை. செய்தி சொல்ல இயலாத நிலையம் பாட்டை நம்புகிறது. பாட்டு எல்லா ஊர்க்கும் ஒன்றுதான்.

மூன்றாவது, பொது ஒலிபரப்பிலேயே நேர்ந்த சுருக்கம். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமையால், பல நிலையங்களில் தற்காலிக அறிவிப்பாளர்களே பணியை இழுத்துச் செல்கின்றனர். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 1988 முதல் நாகபுரியிலிருந்து இரவு முழுவதும் ஒலித்துவந்த தேசிய ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. ஐந்து நகரங்களிலிருந்த வட்டாரப் பயிற்சி நிலையங்களும் அப்போதே மூடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் மாநிலத் தலைநகரின் நிகழ்ச்சியை மற்ற நிலையங்கள் வாங்கி அஞ்சல் செய்யும் போக்கு வலுத்திருக்கிறது. அவ்வாறு அஞ்சல் செய்யும் மணி ஒவ்வொன்றும் உள்ளூர்க் கலைஞர் ஒருவரின் மணியாக இருந்தது. நிலையத்தின் கட்டடமும் பெயர்ப் பலகையும் அப்படியே நிற்க, உள்ளிருக்கும் குரல் மட்டும் வேறு ஊரினதாக மாறிவிடுகிறது. ஆதலால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சமுதாய வானொலி: மறுபிறவியும் அதன் இடர்களும்

1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான்வழி அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு திறந்த வாயிலின் வழியே சமுதாய வானொலி பிறந்தது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு இசைவு கிடைத்தது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. பாம்பன் தீவில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மீனவ மக்களுக்கென்றே 'கடல் ஓசை' எழுந்தது. 1924இன் நாற்பது வாட் கழகம் எண்பதாண்டுகள் கழித்து மறுபிறவி எடுத்ததென்றே இவற்றைக் கருதலாம். நாடு முழுவதும் இத்தகைய நிலையங்கள் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 480க்கு மேல் இருந்தன.

எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்துவிட இயலாது. இந்நிலையங்களின் ஆற்றலுக்கு 100 வாட் என்பதே வழக்கமான வரம்பு. குரல் சென்றடைவது ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டருக்குள் விளம்பரம் தருபவர் யார்? மளிகைக் கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் தருவது மின்கட்டணத்துக்கே போதாது. மணிக்கு ஐந்து நிமிடம் என்றிருந்த விளம்பர வரம்பு படிப்படியாக உயர்ந்து 2024இல் பன்னிரண்டு நிமிடமாயிற்று; ஆயினும் நிமிடத்தை நிரப்ப விளம்பரம் வேண்டுமே! உள்ளூர்ச் செய்தியைத் தாமே திரட்டிச் சொல்லவும் இவற்றுக்கு உரிமை இல்லை. ஊராட்சியில் நேற்று நடந்ததை ஊர் வானொலி செய்தியாகச் சொல்ல இயலாதென்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

2012இல் அலைக்கற்றைக் கட்டணம் ஆண்டுக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது இவற்றின் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. பல நிலையங்கள் ஒருநாள் மௌனம் காத்துத் தம் எதிர்ப்பைக் காட்டின. பேசுவதையே தொழிலாகக் கொண்டவை பேசாதிருந்து உணர்த்தின. உயர்வு பின்னர் விலக்கப்பட்டது. 1931இல் நிகழ்ந்ததே 2012இலும் நிகழ்ந்தது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஊரைவிட்டு வந்துவிட்ட நமக்கு ஊர் வானொலி எதற்கு என்று இளைய தலைமுறை வினவலாம். விடையின் ஒரு பகுதி அறிவியலில் இருக்கிறது. மத்திய அலை இரவில் மேல்வானத்து அயனிப் படலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து இறங்கும். பகலில் அவ்வலையை உறிஞ்சிக்கொள்ளும் கீழ்ப்படலம் கதிரவன் மறைந்ததும் கலைந்துவிடுவதே இதற்குக் காரணம். திருச்சியின் குரல் நம் தந்தையரின் பெட்டிக்கு இரவில் மட்டும் வந்த விந்தை இதுதான். பண்பலையோ நேர்கோட்டில் செல்வது. தெளிவாக ஒலிக்கும், ஆனால் அடிவானத்தைத் தாண்டாது. மத்திய அலை ஒலிபரப்பிகள் ஓய்ந்து பண்பலை அவற்றின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, புலம்பெயர்ந்தோரை ஊரோடு பிணைத்த அந்த இரவுப் பாலம் இற்றுப்போயிற்று.

கைப்பேசி வந்து அப்பாலத்தை வேறு வகையில் கட்டித் தந்திருக்கிறது என்பதையும் மறைத்தலாகாது. இன்று வானொலி நிலையங்களின் ஒலியை இணையத்தின் வழியே எந்நகரிலிருந்தும் இரைச்சலின்றிக் கேட்கிறோம். தொலைவு என்னும் இடர் ஒழிந்தது. ஆனால் திருநெல்வேலி நிலையத்தைத் தேடித் திறந்தால் திருநெல்வேலி அங்கே பேச வேண்டுமல்லவா? பாலம் திடமாக இருக்கிறது. அக்கரையில் நிற்பவர்தாம் குறைந்துவருகின்றனர். மேலும், புயலும் வெள்ளமும் வந்து மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் வீழ்ந்த நாளில், ஊரில் தனித்திருக்கும் நம் பெற்றோர்க்கு மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியே துணை. அப்போது அதில் பேசுகிறவருக்கு எந்த ஏரி உடைந்தது, எந்தச் சாலை அடைபட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். நூறு கல் தொலைவிலிருந்து அஞ்சலாகும் திரைப்பாட்டு அதைச் சொல்லாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஊர் நிலையத்தைக் கேட்போம். கேட்பதைக் கடிதத்தால் தெரிவிப்போம். நேயர் கடிதம் வராத நிகழ்ச்சியே முதலில் வெட்டப்படுகிறது. நம் வட்டாரத்துச் சமுதாய வானொலிக்குப் பொங்கல் விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை விளம்பரமாக அளிப்போம். நம் வீட்டுப் பரண்களில் உறங்கும் ஒலிநாடாக்களில், எப்போதோ வானொலியிலிருந்து பதிந்துவைத்த நாகசுரமும் நாடகமும் இருக்கக்கூடும். அவை பூசணம் பூத்து அழியுமுன் படியெடுத்துச் சங்கத்தில் சேர்ப்போம். நம் முதியோரிடம் எஞ்சியுள்ள வட்டார வழக்கையும் தாலாட்டையும் பதிவுசெய்து ஊர் நிலையங்களுக்கு அனுப்புவோம்.

முன்பு நேயர் விருப்ப நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வாசிக்கப்படும். விரும்பிக் கேட்டவரின் பெயர், அதை அடுத்து அவர் ஊரின் பெயர். பாட்டைவிட அப்பெயர்களையே செவிசாய்த்துக் கேட்டவர் பலர். வரைபடத்தில் புள்ளியாகக்கூட இடம்பெறாத நம் சிற்றூரின் பெயரை வானத்திலிருந்து ஒருவர் பிழையின்றி உச்சரித்தபோது, பம்பாய்ச் சாலின் ஒற்றையறையில் அமர்ந்திருந்த நம் பெரியவர்கள் தலைநிமிர்ந்தனர். அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒருவர் அந்நிலையத்தில் இருந்தார் என்பதே அதன் பொருள். அத்தகைய ஒருவர் இனியும் அங்கே இருக்கவேண்டும்.